துணைநலம்: அருளிலிருந்து உடன்படிக்கைக்கு

1

திருக்குறளின் இல்லறவியலில் 'வாழ்க்கைத் துணைநலம்' என்றோர் அதிகாரம் இருக்கிறது. அதன் பத்துக் குறள்களும் மனைவியின் மாட்சியைப் பேசுபவை. கணவன் எவ்வகையில் மனைவிக்குத் துணையாவான் என்பதைச் சொல்லத் தனி அதிகாரம் ஏதுமில்லை. வள்ளுவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் காலத்து இல்லறத்தில் துணை என்ற சொல்லுக்கு ஒரு திசைதான் இருந்தது. அந்தத் திசையை அவர் பதிவு செய்தார், அவ்வளவே. அச்சொல்லின் திசை எப்போது மாறத் தொடங்கியது, எவ்வளவு தூரம் மாறியது என்பதே இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. 'வேலைக்குப் போகும் பெண்' என்பவள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திடீரென்று தோன்றியவள் அல்லள். நாற்று நட்டவளும், கல் சுமந்தவளும், மீன் கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றவளும் என்றும் வேலைக்குப் போனவர்கள்தாம். அவர்கள் வீடு திரும்பியபோது அடுப்பை மூட்டி வைத்த கணவன் இருந்தானா, இல்லையா என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுத்தில் நமக்குக் கிடைப்பதெல்லாம் கல்வி கற்று, பட்டம் பெற்று, மருத்துவராகவோ எழுத்தாளராகவோ வெளியே வந்த சில பெண்களின் கதைகள். அவர்களும் பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பங்களையோ வசதியுள்ள குடும்பங்களையோ சேர்ந்தவர்கள். இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டே நாம் மேலே செல்ல வேண்டும்.

அக்கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாத்திரம் 'முற்போக்கான கணவர்'. மனைவியைப் படிக்க வைத்தார், உலகை எதிர்த்து நின்றார், அவருடைய வெற்றிக்குப் பின்னால் இருந்தார் என்று பள்ளிப் பாடநூல்கள் அவரை ஒரே வாக்கியத்தில் வாழ்த்தி முடித்துவிடுகின்றன. அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் வெவ்வேறு வகையான மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியே பார்த்தால்தான் ஆதரவு என்று நாம் சொல்வது எது என்பது விளங்கும்.

2

முதலில் கோபால்ராவ் ஜோஷி. அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்தவர், மனைவியை இழந்தவர். 1874ஆம் ஆண்டு வாக்கில், கல்யாண் நகரைச் சேர்ந்த யமுனா என்ற ஒன்பது வயதுச் சிறுமியை மணந்துகொண்டார். அவளுக்கும் அவருக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி. பெண்ணைத் தம் விருப்பப்படி படிக்க வைக்க அனுமதிக்க வேண்டும் என்பது திருமணத்துக்கு அவர் விதித்த நிபந்தனை. வரதட்சணையை நிபந்தனையாக வைத்த காலத்தில் கல்வியை நிபந்தனையாக வைத்தவர் என்று அவரை வியக்காமல் இருக்க முடியாது. யமுனாவுக்கு ஆனந்தி என்று பெயர் மாற்றி, தாமே பாடம் சொல்லித் தந்தார்.

பதினான்கு வயதில் ஆனந்திக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து பத்து நாட்களில் இறந்தது. பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாத நிலையை அந்தச் சாவில் கண்டுகொண்ட அவர், மருத்துவம் படிக்கத் துணிந்தார். 1880இல் கோபால்ராவ் அமெரிக்கப் பாதிரியார் ஒருவருக்கு எழுதிய கடிதம் ஒரு சமயப் பத்திரிகையில் வெளியானது. அதைத் தற்செயலாகப் படித்த நியூஜெர்சி மாநிலத்துப் பெண்மணி தியோடீசியா கார்ப்பென்டர் உதவ முன்வந்தார். 1883இல், பதினெட்டு வயதில், கணவர் உடன் வர இயலாத நிலையில், ஆனந்திபாய் கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார். 1886 மார்ச் மாதம் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கோலாப்பூர் மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்குக் காத்திருந்தது. அதை ஏற்கும் முன்பே, 1887 பிப்ரவரி 26 அன்று, இருபத்திரண்டு வயது நிறையாத நிலையில் காசநோயால் இறந்தார்.

இந்தக் கதையின் இன்னொரு பக்கத்தை ஆனந்திபாயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதமொன்றில், பத்து வயதில் மரக்கட்டைகளால் அவர் தம்மை அடித்ததையும், நாற்காலிகளையும் புத்தகங்களையும் தம்மீது வீசியெறிந்ததையும், விட்டுவிட்டுப் போய்விடுவதாக மிரட்டியதையும் அவர் நினைவூட்டினார். அந்தத் தண்டனைகள் தம் வயதுக்கும் உடலுக்கும் மனத்துக்கும் மிகக் கடுமையானவை என்று எழுதிய அவர், விளைவை வைத்துப் பார்க்கையில் அவை நல்லவையா தீயவையா என்று தீர்ப்புச் சொல்வது கடினம் என்றும் சேர்த்துக்கொண்டார். சிறுமி புத்தகத்தை விட்டுவிட்டு அடுக்களையில் நின்றதற்காகக் கணவர் அடித்தார் என்ற செய்தியும் அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளில் இடம்பெறுகிறது. சமைக்கவில்லை என்பதற்காக அடித்த கணவர்களை நாம் நிறையவே அறிவோம். படிக்காமல் சமைத்தாள் என்பதற்காக அடித்தவரை என்னவென்று சொல்வது?

கோபால்ராவ் இல்லாவிட்டால் டாக்டர் ஆனந்திபாய் இல்லை. இதை மறுக்க முடியாது. ஆனால் அவர் ஆனந்திபாயைத் தம் கொள்கையின் சான்றாகவே செதுக்கினார் என்பதையும் மறுக்க முடியாது. ஆதரவின் முதல் வடிவம் இது. கணவன் ஆசான், மனைவி மாணவி. ஆசானின் அன்பும் அவனுடையதே, பிரம்பும் அவனுடையதே.

3

அதே காலத்தில், அதே மராட்டிய மண்ணில், முற்றிலும் வேறான சுபாவம் கொண்ட ஒருவர் மகாதேவ கோவிந்த ரானடே. நீதிபதி, பொருளியல் அறிஞர், விதவை மறுமணத்தை ஆதரித்தவர். முதல் மனைவி இறந்ததும் அவர் ஒரு விதவையை மணப்பார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். 1873இல், தந்தையின் வற்புறுத்தலுக்கு இணங்கி, பதினொரு வயது ரமாபாயை மணந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. மணந்த நாள் தொடங்கி இரவுகளில் ரமாபாய்க்குப் படிப்புச் சொல்லித் தந்தார். பின்னாளில் ஆங்கிலமும் கற்க ஏற்பாடு செய்தார்.

ரமாபாய் ரானடே 1910இல் மராத்தியில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் இந்தியப் பெண்களின் தன்வரலாறுகளில் முக்கியமானவை. அதைப் படிக்கும்போது நம்மைத் தைப்பது அந்த வீட்டின் பகல்நேரம். இரவில் கணவரின் அறையில் பாடம். பகலில் கணவரின் சித்தியும் சகோதரியும் அத்தைமாரும் நிறைந்த கூடத்தில் அதற்கான தண்டனை. கேலி, ஒதுக்கிவைத்தல், ஆங்கிலம் படிப்பதைக் குறித்த ஏச்சு என்று எல்லாவற்றையும் அந்த இளம்பெண் தனியாகவே தாங்க வேண்டியிருந்தது. ரானடே அவருக்குச் சொன்ன அறிவுரை, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, பொறுத்துக்கொள் என்பதுதான். ஊரறிந்த சீர்திருத்தவாதி, தம் வீட்டுக் கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கையோங்கியவர் அல்லர். தம் மனக்குறையைப் பேசாமல் இருந்தே உணர்த்துவது அவர் வழக்கம். அந்த மௌனத்துக்கு எவ்வளவு அஞ்சினார் என்பதை ரமாபாய் மிகுந்த பக்தியோடுதான் எழுதுகிறார்.

கூடத்துப் பெண்களைக் கொடியவர்களாகக் காட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடலாகாது. அவர்களுள் விதவைகளும் இருந்தனர். படிப்பின் வாசல் அவர்களுக்குத் திறக்கப்பட்டதே இல்லை. வீட்டின் பொறி இயங்குவதற்குக் கைகள் வேண்டும். ஒரு மருமகள் புத்தகத்தை எடுத்தால் அவள் விட்ட வேலை இன்னொரு பெண்ணின் கையில் போய் விழும். அந்த வேலை ஆணின் கைக்கு வரும் வழி அந்த வீட்டில் இல்லவே இல்லை. சண்டை பெண்களுக்குள் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கணவர் மனைவிக்கு நேரத்தை வழங்கினார். ஆனால் அந்த நேரத்தை அவர் தம் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

1901இல் ரானடே மறைந்தார். அதற்குப் பிறகு ரமாபாய் புனேயில் சேவாசதன் அமைப்பைக் கட்டி எழுப்பி, செவிலியராகவும் ஆசிரியராகவும் பெண்கள் பயிற்சி பெறும் வழியை அமைத்தார். கணவர் தந்த கல்வி, கணவர் இல்லாத காலத்தில்தான் முழுமையாக அவருடைய தொழிலாயிற்று.

4

மூன்றாமவர் வங்காளத்தின் துவாரகாநாத் கங்கூலி. 1869இல் 'அபலா பாந்தவ்' என்ற பத்திரிகையைப் பெண்களுக்காகத் தொடங்கியவர். பிரம்ம சமாஜத்தின் முன்னணித் தீவிரர். அவரிடம் படித்த மாணவியான காதம்பினி, 1883இல் சந்திரமுகி பாசுவுடன் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகளுள் ஒருவரானார். அதே ஆண்டில் இருவரும் மணந்துகொண்டனர். காதம்பினிக்கு இருபத்தொன்று, துவாரகாநாத்துக்கு முப்பத்தொன்பது. அவரும் மனைவியை இழந்தவர். சமாஜத்து நண்பர்கள் பலர் இத்திருமணத்தை விரும்பவில்லை. ஆனாலும் இங்கே ஒரு புதுமை உண்டு. பட்டம் பெற்ற ஒரு பெண், தானே தேர்ந்து மணந்தாள். வளர்த்து ஆளாக்க வேண்டிய சிறுமியாக அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை.

மருத்துவக் கல்லூரி காதம்பினியைச் சேர்த்துக்கொள்ள துவாரகாநாத் போராடினார். 1886இல் காதம்பினி மருத்துவராகத் தகுதி பெற்றார். 1888இல் லேடி டஃப்ரின் மருத்துவமனையில் மாதம் முந்நூறு ரூபாய் ஊதியத்தில் பணியில் அமர்ந்தார். அதே ஆண்டு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வங்காளப் பெண்ணைப் பற்றி வியந்து விசாரித்திருக்கிறார். படிப்புக் காலத்தில் பிள்ளைப்பேற்றுக்காக அவர் பதின்மூன்று நாட்கள் மட்டுமே வகுப்புக்கு வராமல் இருந்தார் என்பது அந்த வியப்பின் காரணங்களுள் ஒன்று. அதைப் படிக்கும் நமக்கு வியப்போடு வேறொன்றும் தோன்றுகிறது. பதினான்காம் நாள் அந்தக் குழந்தையை யார் மடியில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்? கடிதம் அதைக் கேட்கவில்லை.

1891இல் 'பங்கவாசி' என்ற பழமைவாதப் பத்திரிகை காதம்பினியின் ஒழுக்கத்தை இழித்து எழுதியது. இரவிலும் நோயாளிகளைப் பார்க்க வெளியே செல்லும் பெண்ணை வேறு எப்படிப் பார்க்க அவர்களுக்குத் தெரியும்? துவாரகாநாத் நீதிமன்றம் சென்றார். ஆசிரியருக்கு நூறு ரூபாய் அபராதமும் ஆறு மாதச் சிறையும் தண்டனையாகக் கிடைத்தன. மனைவி வெளியே போவதால் வரும் அவச்சொல்லுக்கு அஞ்சி அவளை வீட்டில் நிறுத்துவதுதான் ஊர் வழக்கம். துவாரகாநாத் அவச்சொல்லைப் பேசியவனைக் கூண்டில் நிறுத்தினார். 'பொறுத்துக்கொள்' என்று சொன்ன ரானடேயையும் இவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் ஆதரவின் பொருள் எவ்வளவு மாறிவிட்டது என்பது புலப்படும். ஆசானாக இருந்த கணவன் இப்போது அரணாக நிற்கிறான்.

அடுத்த சில ஆண்டுகளில் காதம்பினி பிரிட்டன் சென்று எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் ஆகிய நகரங்களின் மருத்துவத் தகுதிச் சான்றுகளோடு திரும்பினார். அவர் வீட்டில் எட்டுக் குழந்தைகள் வளர்ந்தனர். மூத்தவர் துவாரகாநாத்தின் முதல் மனைவியின் மகளான பிதுமுகி. அவரை மணந்தவர் உபேந்திர கிஷோர் ராய் சௌதுரி. திரைப்படக் கலைஞர் சத்யஜித் ராயின் பாட்டனார் அவர். உபேந்திர கிஷோரின் மகள் புண்யலதா சக்கரவர்த்தி தம் குழந்தைப்பருவ நினைவுகளில் இந்தப் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். நோயாளிகளைப் பார்க்கக் குதிரை வண்டியில் போகும் நேரத்தைக்கூட வீணாக்காமல் காதம்பினி மெல்லிய லேஸ் பின்னிக்கொண்டே செல்வார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் சித்திரம். அதைத் திறமையின் அடையாளமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். நமக்கோ அதில் ஒரு களைப்பும் தெரிகிறது. மருத்துவராக இருந்துகொண்டே, குடும்பப் பெண்ணின் கை ஓயக்கூடாது என்ற எதிர்பார்ப்பையும் அந்த வண்டிக்குள் அவர் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

5

இந்த மூன்று கணவர்களையும் நாம் ஏன் இவ்வளவு போற்றுகிறோம்? அவர்கள் செய்யாமல் இருந்திருக்கலாம், செய்தார்கள் என்பதற்காக. செய்யாமல் இருந்திருந்தால் சட்டமும் சமூகமும் அவர்கள் பக்கமே நின்றிருக்கும். இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ருக்மாபாய்க்குப் பதினொரு வயதில் திருமணம் நடந்தது. தாயின் இரண்டாவது கணவரான டாக்டர் சகாராம் அர்ஜுனின் வீட்டிலேயே தங்கிப் படித்த அவர், வளர்ந்த பின் கணவர் தாதாஜி பிகாஜியுடன் வாழ மறுத்தார். 1884இல் தாதாஜி பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். முதலில் ருக்மாபாய்க்குச் சாதகமாக வந்த தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. 1887இல் நீதிமன்றம், கணவருடன் சென்று வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை செல்ல வேண்டும் என்றது. சிறைக்குப் போகத் தயார் என்றார் ருக்மாபாய். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகிய பிறகே அவருக்கு வழி திறந்தது. லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பிய அவர், சூரத் நகரில் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினார்.

'பங்கவாசி' ஆசிரியருக்குக் கிடைத்ததும் ஆறு மாதம். ருக்மாபாய்க்கு விதிக்கப்பட்டதும் ஆறு மாதம். பெண்ணின் மானத்தைக் காக்கக் கணவன் நீதிமன்றம் போனாலும் அந்தக் கதவு திறந்தது. பெண்ணை இழுத்துவரக் கணவன் போனாலும் அதே கதவு திறந்தது. மனைவியின் வாழ்க்கையைத் திறப்பதும் பூட்டுவதும் கணவனின் கையில் இருந்த ஒரே சாவி. திறந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் சாவி அவர்களிடம் இருந்தது என்பதை மறந்துவிட்டு அவர்களைப் போற்றுவது வரலாறாகாது. அக்கால ஆதரவு உரிமையின் வடிவில் வரவில்லை. அருளின் வடிவில் வந்தது. அருளை யாசிக்கலாம், நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க முடியாது.

6

அருள் முதன்முதலாக உடன்படிக்கையாக மாறிய இடங்களுள் ஒன்று தமிழகத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். திருமணத்தில் அவருக்கு நாட்டமில்லை. திருமணம் என்பது தொழிலையும் சுதந்திரத்தையும் ஒருசேர அடகு வைப்பது என்பதை அவர் சுற்றிலும் கண்டிருந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது அவர் ஒரு நிபந்தனை விதித்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி அதற்கு ஒப்புக்கொண்டார்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிபந்தனை விதித்தவர் கோபால்ராவ். அது மாப்பிள்ளை பெண் வீட்டாருக்கு விதித்தது, ஒன்பது வயதுச் சிறுமியைப் பற்றியது. இப்போது நிபந்தனை விதிப்பவர் பெண், விதிப்பது மாப்பிள்ளைக்கு, பேசுவது தன்னைப் பற்றி. இந்த நாற்பது ஆண்டுகளின் சமூக வரலாறு முழுவதையும் அந்த இரண்டு நிபந்தனைகளுக்கு இடையில் வைத்துவிடலாம்.

வாக்கு வெறும் வாக்காக நின்றுவிடவில்லை. 1926இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபோது அவர் தொழில் செய்துகொண்டிருந்த மருத்துவர், இரண்டு மகன்களின் தாய். பின்னர் அம்மன்றத்தின் துணைத்தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவி விலகினார். 1930களின் தொடக்கத்தில், போக்கிடமின்றி வந்த தேவதாசிக் குலத்துச் சிறுமியரைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கிற்று. வீடு என்பது இருவருக்கும் பொது. அதன் கதவு இப்படித் திறப்பதற்கு வீட்டின் மற்றவர் இசைந்திருந்தார் என்பதைச் சிறிய செய்தியாக நாம் கொள்ளவில்லை. மனைவியின் பணிக்காகத் தம் வீட்டின் அமைதியை விட்டுக்கொடுத்தவர் அவர். கணவர்களின் ஆதரவை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், 'அவர் எதை அனுமதித்தார்' என்பதைவிட 'அவர் எதை விட்டுக்கொடுத்தார்' என்று கேட்பதே பொருத்தம்.

சென்னையிலேயே, அதே ஆண்டுகளில், பட்டமோ பள்ளிப்படிப்போ இல்லாத இன்னொரு பெண்ணையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் திருமணம், கணவர் வை.மு. பார்த்தசாரதியும் அப்போது சிறுவரே. அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய கோதைநாயகி, எழுதத் தெரியாத நிலையில், தம் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைத் தோழி பட்டம்மாளிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்தார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை வாங்கி நடத்தத் தொடங்கினார். அம்முயற்சியில் பார்த்தசாரதி துணை நின்றார். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதியவர், மேடைப் பேச்சாளர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்று அவருடைய வாழ்க்கை விரிந்தது.

இந்தக் கதையில் கணவர் ஆசானும் அல்லர், அரணும் அல்லர். எழுதக் கற்றுக்கொடுத்ததில்கூடத் தோழியின் பங்கே முன்னிற்கிறது. மாதாமாதம் வெளிவரும் இதழுக்கு அச்சும் தாளும் கணக்கும் ஓயாத வேலை. ஆசிரியர் என்று அட்டையில் இருப்பது மனைவியின் பெயர். அப்பெயருக்குப் பின்னால் நிற்பதில் பார்த்தசாரதிக்குக் குறையேதும் தோன்றவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். தமிழ் இலக்கிய வரலாறு கோதைநாயகியையே அரைகுறையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பார்த்தசாரதியை அது நினைக்காததில் வியப்பில்லை. மனைவிமார் எத்தனையோ தலைமுறைகளாக இருந்துவந்த இடம் அது, பெயரில்லாத இடம். அங்கே ஓர் ஆணும் இருந்து பார்த்தார்.

7

இவ்வளவு தூரம் வந்த பின் நம் கையில் மிஞ்சுவது என்ன? கற்பித்த கணவர், பொறுக்கச் சொன்ன கணவர், வழக்காடிய கணவர், வாக்களித்த கணவர், பின்னால் நின்ற கணவர் என்று ஐவரைப் பார்த்தோம். இவர்கள் வேறுபடும் இடங்கள் பல. ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. இவர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் அடுக்களை அவர்களது ஆதரவின் எல்லைக்குள் வருவதே இல்லை. உலகத்தோடு மனைவிக்காகப் போரிட்டவர்கள் உண்டு. உலை வைத்துக் கொடுத்தார்கள் என்று எவரைப் பற்றியும் யாரும் பெருமையாக எழுதவில்லை. செய்திருந்தாலும், அது எழுதத்தக்க செய்தி என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்களுக்குத் தோன்றியிருக்காது. அந்த வீடுகளில் சமைத்தவர்கள் மாமியார், நாத்தனார், விதவைச் சகோதரி, சமையல்காரர், பணிப்பெண். ஒரு பெண்ணின் வெற்றிக்குப் பின்னால் ஓர் ஆண் இருந்தார் என்று எழுதும் இடத்தில், அவர்களுக்கும் பின்னால் புகையில் நின்ற இன்னும் சில பெண்களின் பெயர்கள் விடுபட்டிருக்கின்றன.

இது அந்தக் காலத்தோடு முடிந்துபோன கதையென்றால் நாம் இதை எழுதவே வேண்டியிருந்திராது. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் ஒரு நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. வீட்டாருக்கான ஊதியமில்லாத வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். அதைவிடக் கூர்மையான எண் வேறொன்று. அத்தகைய வேலையில் அன்றாடம் கைவைத்தவர்கள் பெண்களில் 81.2 விழுக்காட்டினர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர் மட்டுமே. 2024இல் மீண்டும் எடுத்த கணக்கில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்திருந்தது. ஆண்களின் நேரம் ஏறவில்லை, 88ஆக இறங்கியிருந்தது. பெண்ணின் பாரம் சற்றே குறைந்தது உண்மை. ஆணின் கை நீண்டதால் குறைந்தது என்று இந்த எண்களைக் கொண்டு சொல்ல முடியாது.

'என் மனைவி வேலைக்குப் போக நான் தடை சொன்னதேயில்லை' என்று நண்பர்கள் பெருமையோடு சொல்வதை இன்றும் கேட்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம். அந்த வாக்கியத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், கோபால்ராவின் காலத்துச் சாவி இன்னும் நம் இடுப்பில் தொங்குவது தெரியும். தடை சொல்லும் உரிமை நமக்கு இருந்தது, அதைப் பயன்படுத்தவில்லை என்பதுதானே அதன் பொருள்? 'உதவி செய்கிறேன்' என்ற சொல்லும் அப்படித்தான். தன் வீட்டுப் பாத்திரத்தைத் தானே துலக்குவது யாருக்குச் செய்யும் உதவி?

கணவர்மாரின் கருணையால் சில பெண்கள் வெளியே வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கருணைக்கு நன்றி சொல்வதில் தவறில்லை. கருணையை வாக்குறுதியாக மாற்றிக் கேட்ட முத்துலட்சுமியின் துணிவு அதற்கடுத்த படி. அந்த வாக்குறுதியை நிமிடங்களாக, விடியற்காலை அடுப்பாக, காய்ச்சல்காரக் குழந்தைக்கு எடுத்த விடுப்பாக மாற்றுவது அதற்கும் அடுத்த படி. அந்தப் படியில் நிற்கும் ஆண்கள் இன்றும் இருக்கிறார்கள்; நமக்குத் தெரிந்த வீடுகளிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் வரலாறு எழுதப்போவதில்லை. அவர்கள் செய்வது எழுதத் தேவையில்லாத அன்றாடமாகிவிடும் நாளில், வாழ்க்கைத் துணைநலம் என்ற பழைய தலைப்பு இருவருக்கும் பொதுவாகப் பொருந்திவிடும்.